மாலையோடு பிரமிடுக்குப் போனோம்

கார்த்திகை முதல் தேதி கழுத்தில் துளசி மாலை ஏறிவிட்டால், எங்கள் வீட்டில் அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் மற்ற நாட்களில் கூப்பிடுவதுபோல் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட மாட்டார். நானும் சாமி, அம்மாவும் சாமி, குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவரும் சாமி. வாய் தவறி ‘அப்பா’ என்றால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். சின்ன வயதில் இது எனக்கு விளையாட்டாக இருந்தது. பதினெட்டு வயதில் எரிச்சலாக இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. நான் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். நெஞ்சு பலமில்லை என்று ஆஸ்பத்திரியில் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு அப்பா நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் பதினெட்டு வருஷம் விரதமிருந்து ஐயப்பன் மலைக்கு வருவேன், பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்று சுமந்து வந்து அங்கே நடுவேன் என்று. நான் பிழைத்தேன். வீசிங் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டது. அவரும் சொன்னபடி வருஷா வருஷம் போனார். பெரியப்பா இறந்துபோன வருஷம் மட்டும் சாவுத் தீட்டு வந்து, பாதியில் மாலையைக் கழற்றினார். அந்த வருஷம் கணக்கில் சேரவில்லை.

ஆக, என் பெயரில் ஒரு வேண்டுதல். அந்த மலைக்கு நான் போக முடியாது. என் வயதுப் பெண்கள் போவதில்லை என்பது எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். போதாததற்கு, மாலை போட்டிருக்கும் நாட்களில் மாதம் மூன்று நாள் என்னைப் பாலவாக்கத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்காக இருக்கிற விரதத்துக்கு நானே ஆகாதவள். கேட்டால், “அதெல்லாம் அப்படித்தான்” என்பாள் அம்மா.

எனக்கென்று ஒரு மலை இருந்தது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. பிரமிடு, பிரமிடு என்று வீட்டில் எல்லோர் காதையும் புளிக்க வைத்தேன். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் வரலாறு எடுத்தேன். “ஜவுளிக்கடைக்காரன் பொண்ணு சரித்திரம் படிச்சு என்ன கிழிக்கப் போவுது?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். தி. நகரில் எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு டூர் ஆபீஸ் இருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம் அப்பா அங்கே போய், எகிப்துக்கு எட்டு நாள் என்று ஒரு நோட்டீஸை வாங்கிவந்து என் முன்னால் போட்டார். சமையல்காரரையும் கூடவே கூட்டிப்போகிற டூர் அது. ஊர் மாறினாலும் சாம்பார் மாறாது.

ஒரே சிக்கல், தேதி. தீபாவளி முடிந்து பொங்கல் வியாபாரம் தொடங்குவதற்கு முன்னால், டிசம்பரில்தான் கடையை விட்டு நகர முடியும். அப்போது அவர் மாலையோடு இருப்பார். அந்த வருஷம் பதினெட்டாவது வருஷம். மொட்டை மாடியில் தென்னங்கன்று ஏற்கெனவே வேர் விட்டுக்கொண்டிருந்தது.

“சூரத்துக்குச் சரக்கு எடுக்க மாலையோடதான் போயிட்டு வாரேன். எகிப்து மட்டும் என்ன?” என்றார். பிறகு, “ஆமா, அது என்ன கட்டடம்? கோயிலா?” என்று கேட்டார்.

அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து சித்தப்பா கடையில் சேலை மடிக்க வந்தவர். துணியைத் தொட்டால் எந்த ஊர்த் தறி என்று சொல்வார். பிரமிடு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

“கோயில் மாதிரிதான். ராஜா கட்டினது” என்றேன்.

நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கல்லறை என்று வந்த இடத்தையெல்லாம் மாளிகை என்று வாசித்தேன். எட்டு நாள் பயணத்தில் அநேகமாக எல்லா நாளும் கல்லறைதான். நடுநடுவே ஒன்றிரண்டு கோயில்கள் வந்தன. ஒரு பக்கம் முழுக்க மாளிகை மாளிகையாக வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மாலை போட்டவர் சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதிலும் எங்கள் பூசணிக்காய் உலகத்திலேயே பெரியது.

டிசம்பரில் கிளம்பினோம். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. விமான நிலையத்தில் எல்லோரும் ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்தபோது கழற்ற ஒன்றும் இல்லாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். கெய்ரோவில் இறங்கியபோது உடம்பை உலுக்குகிற குளிர். அந்தக் குளிரிலும் ஓட்டல் அறையில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்தார். கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்தார். எங்கள் டூர் சமையல்காரர் பட்டினப்பாக்கத்துக்காரர். அவருக்கு அப்பாவைப் பார்த்து ஒரே மலைப்பு. “இன்னா சாமி, நமக்கு ஸ்வெட்டர் போட்டே பல்லு டைப் அடிக்குது. நீ இன்னாடான்னா ஜில்லு தண்ணில குளிச்சிக்கினு கீற” என்றார். அப்பா சிரித்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பினோம். கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று அது தெரிந்தது. பஸ்ஸே வாயைப் பிளந்தது. ஏழு வருஷம் காத்திருந்தவள் நான். ஆனால் நான் பிரமிடைப் பார்க்கவில்லை, மேனேஜர் கையிலிருந்த மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை அழைத்துப் போன டூர் மேனேஜர் நல்ல பையன், கணீரென்ற குரல்.

“எல்லாரும் வலது பக்கம் பாருங்க. இதுதாங்க உலகத்துலயே பெரிய சமாதி. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ராஜா தன்னைப் புதைக்கிறதுக்காகக் கட்டினது.”

அப்பா ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினார். மேனேஜரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“சமாதியா, சாமி?”

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அம்மா, “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவரை பஸ்ஸின் தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இறங்கியதும் கூட்டம் பிரமிடைப் பார்க்க ஓடியது. அப்பா எதிர்ப்பக்கம் நடந்தார். காலை வெயிலில் பிரமிடின் நிழல் நீண்டு விழுந்திருந்தது. அது தன்மேல் படாத இடமாகப் பார்த்துத் தள்ளிப் போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றார். கல்லும் மணலுமாகக் கிடந்த இடத்தில், வெறுங்காலோடு. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஒட்டகக்காரர்கள்கூட அவரை நெருங்கவில்லை.

நான் போய், “உள்ளே பிணமே இல்லை. காலிப் பெட்டிதான் இருக்கு. படிச்சிருக்கேன்” என்றேன்.

“சுடுகாட்டுல இன்னிக்குப் பிணம் எரியலன்னா, அங்க போய்ப் பாய் விரிச்சுப் படுத்துக்கிடுவியா?” என்றார்.

சாப்பாட்டுக் கூடைகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமிச் சமாளித்தார். எனக்கோ அவமானம் தலைக்கேறியது. தப்பு என் பேரில் என்று தெரிந்தால் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

“நீங்க வராட்டி போங்க. நான் போறேன். எனக்கு உங்க மலை கிடையாது, உங்களுக்கு என் மலை கிடையாது. கணக்குச் சரியாப் போச்சு. என் பேர்ல வேண்டிக்கிட்டீங்களே, என்னைக் கேட்டா வேண்டிக்கிட்டீங்க?”

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

“அந்தப் பெட்டிக்குள்ள கிடந்தவகிட்ட எப்படிக் கேக்க?” என்றார்.

நான் பிரமிடை நோக்கி விறுவிறுவென்று நடந்தேன். அம்மா பின்னாலிருந்து ஏதோ கத்தினாள். ‘இன்ஹேலர்’ என்று கத்தியிருக்கிறாள். அது பிற்பாடுதான் தெரிந்தது. மூன்று பேர் மருந்தும் அப்பாவின் தோள்பையில்தான் இருந்தது. அது என் நினைவிலேயே இல்லை.

உள்ளே போக வேறு டிக்கெட். எங்கள் குழுவில் என்னைப்போல் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் அதை வாங்கியிருந்தார்கள். வெளியே குளிர்காற்று, உள்ளே நுழைந்ததும் வெக்கை. கொஞ்ச தூரத்தில் பாதை மேல்நோக்கி ஏறத் தொடங்கியது. முதுகை மடக்கிக் குனிந்துதான் ஏற வேண்டும். காலுக்குப் பலகை, அதில் குறுக்கே இரும்புப் பட்டைகள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்த ஒரே பொந்தில். என் முகத்துக்கு முன்னால் யாரோ ஒருவரின் முதுகு, பின்னால் யாரோ ஒருவரின் மூச்சு. திரும்ப இடமில்லை. பாதி வழியிலேயே நெஞ்சில் அந்தப் பழைய விசில் சத்தம் கேட்டது. கோபத்தில் ஏறியதால் அதைச் சட்டை செய்யவில்லை. பொந்து முடிந்து கூரை உயர்ந்த பெரிய ஏற்றம் வந்தது. அதையும் ஏறினேன். கடைசியில் மறுபடி குனிந்து, ராஜாவின் அறைக்குள் போய் நிமிர்ந்தேன்.

ஏழு வருஷமாகக் கனவு கண்ட அறை. கறுத்த கல் சுவர், மூலையில் மூடியில்லாத கல் பெட்டி. என்னால் பார்க்க முடியவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பையைத் துழாவினேன், தண்ணீர் பாட்டில் இருந்தது, சீப்பு இருந்தது, அது இல்லை. அப்போதுதான் அப்பாவின் தோள்பை ஞாபகம் வந்தது. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பயந்தால் மூச்சு இன்னும் இறுகும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

எங்களோடு உள்ளே வந்திருந்த மேனேஜர் என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “அசையாம உட்காருங்க, வாங்கிட்டு வந்துடறேன்” என்று கீழே ஓடினார். குழுவில் வந்த ஒரு பெண் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். விளக்கு மங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. என் வாயிலிருந்து “அப்பா” என்று வந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்டாலும் அவர் திரும்பப் போவதில்லை, மாலை போட்டிருக்கிறார். திரும்பினாலும் வர முடியாத இடம் இது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசல் பொந்திலிருந்து முதலில் ஒரு தலை வந்தது. தாடி வைத்த தலை. பிறகு தரையைத் தொடுகிறாற்போல் ஆடிக்கொண்டு மாலை. அப்பா உள்ளே வந்து நிமிர்ந்தார்.

பக்கத்தில் மண்டியிட்டு, இன்ஹேலரைக் குலுக்கி என் வாயில் வைத்து அழுத்தினார். “இழு, ஏட்டி. இழு. பிடிச்சு வை. ஆங்... விடு.” மறுபடி ஒரு தடவை. அவருக்கும் மூச்சு வாங்கியது. இரும்புப் பட்டையில் இடித்துக் கால் கட்டை விரல் நகம் பெயர்ந்து, ரத்தம் வந்துகொண்டிருந்தது.

எனக்கு மூச்சு கொஞ்சம் திறந்ததும் மாலைதான் கண்ணில் பட்டது. “சாமி, நீங்க ஏன் வந்தீங்க?” என்று அழுதேன்.

“பேசாத. இன்னொரு தடவை இழு” என்றார்.

அந்த அறையை அவர் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் என் முதுகைப் பிடித்தபடியே கீழே அழைத்துவந்தார். வெளியே காவலர் டிக்கெட் டிக்கெட் என்று கத்தினார். மேனேஜர் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அப்பா நேராகச் சமையல்காரரிடம் போய்க் குனிந்து நின்றார். உடனே அவர், குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து அப்பாவின் தலையில் ஊற்றினார். அந்தக் காற்றில் அப்பாவின் தாடை கிடுகிடுவென்று ஆடியது. அம்மா துண்டோடு அழுதுகொண்டு நின்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சமையல்காரர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்க நைனா ஓடி வந்திருக்கவே தேவையில்லம்மா. மேனேஜர் சார் கைய நீட்டிக்கினு நிக்கிறாரு, குடுங்க நான் எட்த்துக்கினு போறேன்னு. நானும் சொல்றேன், சாமி, எங்கைல குடு, நான் பறந்து போய் குட்த்துட்டு வரேன், நீ மாலை போட்டுக்கினு கீறன்னு. உங்கம்மாவும் கத்துது. மனுசன் காதுலயே வாங்கல. வேட்டிய மடிச்சுக் கட்டினாரு, போய்க்கினே கீறாரு.”

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் வந்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வழி இருந்திருக்கிறது, இரண்டு பேர் கை நீட்டி நின்றிருக்கிறார்கள்.

ஓட்டல் அறைக்குப் போனதும், மயிலாப்பூரில் இருக்கும் குருசாமிக்குப் போன் போடலாம் என்றாள் அம்மா. அவர்தான் வருஷா வருஷம் அப்பாவுக்கு மாலை போட்டுவிடுகிறவர். “ஆபத்துக்குப் பாவமில்லம்பாங்க. ஏதாவது பரிகாரம் சொல்லுவாரு. பதினெட்டாவது வருஷம்ங்க.”

“கேட்டா சொல்லுவாரு. அதனாலதான் கேக்க வேண்டாம்ங்கேன்” என்றார் அப்பா. “குடுத்து அனுப்பலாம்னு எனக்குத் தோணவே இல்ல. மாலை போச்சுன்னு தெரிஞ்சுதான் உள்ள கால வச்சேன். விட்டுட்டுப் போனத, திரும்பி வந்து இருக்குன்னு சொல்லப்பிடாது.”

பிறகு தரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். “இங்க வா. நீயே கழட்டு.”

“நான் மாட்டேன்.”

“யாருக்காகப் போட்டேனோ அவ கழட்டட்டும். வா.”

மாலை இன்னும் ஈரமாக இருந்தது. காதில் சிக்கி, தாடியில் சிக்கி, ஒரு வழியாகக் கழன்றது. பதினேழு வருஷம் வெயிலிலும் மழையிலும் நடந்து, கடைசி வருஷத்தை நான் ஒரு நோட்டீஸில் தொலைத்துவிட்டேன். “அப்பா, மன்னிச்சிடுங்க” என்று அவர் மடியில் விழுந்தேன். தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. “பொய் சொன்னதுக்கு” என்றார். பிறகு தன் பெயர்ந்த நகத்தைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இந்த ஊர்ல செருப்பு எங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

ஓட்டலுக்கு எதிரே ஒரு கடையில், பழுப்புத் தோலில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம். மிச்ச நாட்களில் அவர் ஒரு கல்லறையையும் விடவில்லை. “முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?” என்று ஒவ்வொன்றுக்குள்ளும் என்னோடு இறங்கினார். சட்டைப் பையில் இன்ஹேலர். சுவரில் வரைந்திருந்த ராணிகளின் உடையை உற்றுப் பார்த்து, இவ்வளவு மெல்லிசான துணியை எந்த நூலில் நெய்திருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் சந்தோஷமாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. ஆனால் ஊர் திரும்பியதும் மொட்டை மாடிக்குப் போய்த் தென்னங்கன்றின் பக்கத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நான் படியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த கார்த்திகை முதல் தேதி, மயிலாப்பூரில் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுபடி பதினெட்டாவது வருஷம். “சாமி, பால்” என்று தம்ளரை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு சொன்னார்: “நீ மட்டும் அப்பான்னே கூப்பிடு. நான் திரும்பிப் பாக்குதேன்.”

“இல்ல சாமி” என்றேன்.

அந்த வருஷம் நான் ஒரு நாள்கூட வாய் தவறவில்லை. மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை வீசிங் வந்தபோதும், சுவரைப் பிடித்துக்கொண்டு “சாமி, சாமி” என்றுதான் கூப்பிட்டேன். ஓடிவந்தார். மலையில் கன்றை நட்டுவிட்டு ஜனவரியில் திரும்பி வந்தார். கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே நான் போய் மாலையைக் கழற்றினேன். மஞ்சள் துணியில் சுற்றி, பூஜை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“அப்பா, செருப்பை வாசல்ல எடுத்து வச்சிருக்கேன்” என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.